முதலாளி வீட்டில செத்தவீடு, என்னெண்டு துக்கம் சொல்லுறது?

டோஹாவில வேலை செய்யிற சுன்னாகத்துத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார்: கத்தார்க்கார முதலாளியின்ர அம்மா மோசம் போயிட்டா, நாளைக்கு வேலையாக்கள் எல்லாரும் போகினம், அங்க "அன ஆஸிஃப்" எண்டு சொல்லலாமோ? வெள்ளைக்கார மனேஜரின்ர மனிசிக்கும் கான்சராம், அவருக்கு இங்கிலீஷில என்னத்தை எழுதுறது?

தம்பி, செத்தவீட்டில ஆஸிஃப் வேண்டாம். அது நீங்கள் பிழை விட்டாச் சொல்லுற சொல்லு. இங்கிலீஷில சொறி எண்ட ஒண்டே மன்னிப்புக்கும் துக்கத்துக்கும் போகும், அதைப் படிச்சுப்போட்டு எல்லாப் பாஷையும் உப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சிடுறம். எங்கட ஊரில ஆரும் செத்தவீட்டுக்குப் போய் மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டுறவையே?

அரபில துக்கம் சொல்லுறதெண்டா அது துவாதான், அல்லாவிட்டக் கேக்கிற வேண்டுதல். கல்ஃப் பக்கம் கை குடுக்கேக்க "அத்தமல்லாஹு அஜ்ரக்" எண்டுவினம், இந்த இழப்பைப் பொறுத்துக்கொண்டதுக்கு அல்லா உங்களுக்குப் பெரிய கூலி தரட்டும் எண்ட கருத்து. அந்தத் "த்த"வை நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில வச்சுத் தடிப்பாச் சொல்லோணும், கொஞ்சம் பிசகினாலும் ஒருத்தரும் குறை நினைக்கமாட்டினம். சொந்தக்காரர் கனபேர் வரிசையா நிண்டா "அஜ்ரகும்" எண்டு முடியுங்கோ. பிறகு அம்மாவுக்கு "அல்லாஹ் யர்ஹம்ஹா", அல்லா அவவுக்கு இரக்கம் காட்டட்டும் எண்ட கருத்து, செத்தது ஆம்பிளையெண்டா "யர்ஹமு". எகிப்துக்காரர் "அல்பகிய்ய ஃபி ஹயாதக்", மிச்ச ஆயுள் உங்களுக்குச் சேரட்டும், எண்டு சொல்லுறதைக் கேட்டிருப்பியள், மார்க்கப் பிடிப்பான ஆக்கள் சிலருக்கு அது பிடிக்காது, கத்தார் வீட்டில அதை எடுக்காதேங்கோ. "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" குர்ஆன் வசனம் (2:156), நாங்கள் அல்லாவுக்கு உரியவை, அவரிட்டயே திரும்பிப் போறம் எண்ட கருத்து, எங்கட சோனகத்தெரு முஸ்லிம் ஆக்களும் சாவுச் செய்தி கேட்டோடன சொல்லுறது, ஆனா உங்களுக்கு முதல் ரெண்டுமே காணும்.

அங்க வழமையா மூண்டு நாள்தான் துக்கம் விசாரிக்கிறது, ஆம்பிளையள் ஒரு பக்கம் பொம்பிளையள் ஒரு பக்கம். சீனி போடாத கஹ்வா (அரபிக் கோப்பி) தருவினம், குடிச்சு முடிச்சுக் கோப்பையை லேசா ஆட்டுங்கோ, இல்லாட்டி ஊத்திக்கொண்டே இருப்பினம். எப்பிடிச் செத்தவ, என்ன வருத்தம் எண்டெல்லாம் எங்கட ஆக்கள் மாதிரித் துருவிக் கேக்காதேங்கோ, கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்பி வாங்கோ.

மனேஜருக்கு வெறும் சொறி எண்டு அனுப்பினா மொட்டையா இருக்கும். "ஐ ஆம் ஸோ சொறி டு ஹியர் அபௌட் யுவர் வைஃப்" எண்டு முழுசா எழுதி, லீவு நாளில ஷிஃப்டைப் பாக்கிறன், ரிப்போர்ட்டை நான் முடிக்கிறன் எண்டு செய்யக்கூடிய ஒண்டையும் சேருங்கோ. "கவலையா இருக்கு" எண்டதை "ஐ ஆம் வொறீட்" எண்டு மாத்தாதேங்கோ, அது இனி என்ன நடக்குமோ எண்ட பயம். "ரிக்றெட்" கொம்பனிக் கடிதத்துக்குத்தான் சரி, அதைப் போட்டு எழுதினா மனிசன் வேலையால நிப்பாட்டுற கடிதமோ எண்டு பயந்திடும். ஆராவது மோசம் போனா "எக்ஸ்பயர்ட்" எண்டு இங்க எல்லாரும் போடுறம்தான், வெள்ளைக்காரருக்கு அது பாஸ்போட்டுக்கு வாற சொல்லு. "பாஸ்ட் அவே" எண்டு போடுங்கோ.

அரபிக்காரர் ஒராள் சுகமில்லாமல் கிடந்தா "ஸலாமத்தக்" (சுகமா இருங்கோ), அல்லாட்டி "மா தஷூஃப் ஷர்" (ஒரு கெடுதியும் வராமல் இருக்கட்டும்) எண்டு சொல்லுங்கோ. ஆஸிஃபை நீங்கள் வேலைக்குப் பிந்திப் போற நாளுக்கு வச்சிருங்கோ.