மெசேஜைச் சுருக்கினால் வேகம் கூடுமா?

கேள்வி: ஐயா, சின்ன டிரேடிங் நிறுவனம் ஒன்றில் புரோகிராமராக இருக்கிறேன். சந்தை விலைகளை எங்கள் புரோகிராம்களுக்கு இடையே ஜேசான் என்ற எழுத்து வடிவத்தில் அனுப்புகிறோம். தாமதமாகிறது. ஜிப் செய்து, அதாவது சுருக்கி, அனுப்பினால் சரியாகுமா?

பதில்: ஒரே அறைக்குள் ஓடும் புரோகிராம்கள் என்றால் தாமதம் கூடத்தான் செய்யும். சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரத்தை யார் கொடுப்பது?

டிரேடிங் புரோகிராம்கள் ஆர்டர்களையும் விலைகளையும் பரிமாறிக்கொள்ள 1992இல் தொடங்கிய ஃபிக்ஸ் (FIX) முறையில் எல்லாமே எழுத்துதான். விலை 150.25 என்றால் ‘44=150.25’ என்று போகும், 44 என்பது விலையைக் குறிக்கும் எண். மெசேஜ்கள் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்தால் கண்ணாலேயே படித்துவிடலாம். ராத்திரி உட்கார்ந்து பிழை தேடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கணினி அதை எழுத்தெழுத்தாகப் படித்து எண்ணாக மாற்ற வேண்டும்.

விலைத் தகவல் பெருகியதும், அதைச் சுருக்கி அனுப்பும் ஃபாஸ்ட் (FAST) முறை வந்தது. ஒரு பைட்டில் ஏழு பிட் தகவல். எட்டாவது பிட், எண் முடிந்ததா இல்லையா என்று சொல்லும். அளவு நன்றாகவே குறைந்தது. ஆனால் ஐந்தாவது தகவல் வேண்டுமென்றால் முதல் நான்கையும் தாண்டித்தான் போக வேண்டும். நெட்வொர்க் வேகமானதும் இந்த வேலையே பாரமாகிவிட்டது. சிகாகோவின் சிஎம்இ சந்தை, விலைத் தகவலுக்கு ஃபாஸ்டை விட்டுவிட்டு எஸ்பிஇக்கு (SBE) மாறியது. இதில் எண்கள் கணினி நேரடியாகப் படிக்கும் வடிவிலேயே, நிலையான இடங்களில் இருக்கும்.

நிலையான இடத்தின் பயனுக்கு, அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் தன் ஆர்டர் தகவலை அனுப்பும் ஐடிச் (ITCH) 5.0 முறையைப் பாருங்கள். சாதாரணப் புதிய ஆர்டர் மெசேஜ் எப்போதும் 36 பைட். பங்கின் குறியீடு நான்கெழுத்தானாலும் அதற்கு 8 பைட். மிச்சம் வெறும் இடைவெளி. வீண் செலவு மாதிரிதான் இருக்கும். ஆனால் விலை எப்போதும் கடைசி 4 பைட்டில் இருக்கும், தேடவே வேண்டாம். தசமப் புள்ளியும் கிடையாது, 150.25 டாலர் 1502500 என்று முழு எண்ணாக வரும்.

உங்களுக்கு எஸ்பிஇ சரிவரும். விலையை முழு எண்ணாக்குங்கள், நீளம் மாறும் எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் தாமதம் எங்கே என்று அளந்து பாருங்கள். டேட்டாபேஸில் இருந்தால் எந்த முறைக்கு மாறியும் பயனில்லை. ஒரு நாளைக்கு நூறு ஆர்டர் போடுகிறவர்களுக்கு ஃபிக்ஸே தாராளம்.

அப்புறம், புதிய தகவல் சேர்க்க நேர்ந்தால் நிலையான பகுதியின் கடைசியில் மட்டும் சேருங்கள். அந்தப் பகுதியின் நீளம் எஸ்பிஇ மெசேஜின் தொடக்கத்தில் வரும் தலைப்பிலேயே இருப்பதால், பழைய புரோகிராம் தனக்குத் தெரியாததைத் தாண்டிப் போய்விடும். நடுவில் செருகினால் பங்குகளின் எண்ணிக்கையை விலையென்று படிக்கும்.