ஹாலந்துல யூதர்களை ஒளிச்சு வச்ச ஜனங்க: கேளுங்க, சொல்றேன்

1940 மே முதல் 1945 மே வரைக்கும் நெதர்லாந்து, அதாவது ஹாலந்து, ஹிட்லரோட ஜெர்மன்காரங்க பிடியில இருந்துச்சு. அப்போ யூதர்களை வீட்டுல மறைச்சு வச்ச சாதாரண குடும்பங்களைப் பத்தி கேளுங்க. போலந்து, பிரான்ஸ் எல்லாம் வேற நிலைமை, இங்க கலக்க வேணாம்.

கேள்வி: அண்ணா, ஒளிச்சு வைக்கறதுல எது ரொம்ப கஷ்டம், இடமா?

பதில்: சாப்பாடு தம்பி. எல்லாமே ரேஷன், கூப்பனுக்கு பேரு பதிவுல இருக்கணும், ஒளிஞ்சிருக்கறவங்க பேரைக் குடுத்தா மாட்டிப்பாங்க. நாலு பேர் வீட்டுக்கு எட்டு பேர் ரொட்டி வாங்கினா கடைக்காரருக்கே சந்தேகம் வந்துடும். 1942 கடைசியில ஹெலேனா கோய்பர்ஸ்-ரீட்பெர்க்னு அஞ்சு பிள்ளைங்களோட அம்மா, ஃபிரிட்ஸ் ஸ்லோம்ப்னு ஒரு பாதிரியார், இவங்க சேர்ந்து ஊர் ஊரா வீடு பிடிச்சுக் குடுக்கற வலையமைப்பை ஆரம்பிச்சாங்க, அப்புறம் ரேஷன் ஆபீசுங்கள்ல புகுந்து கூப்பனை அள்ளிட்டு வர தனி குழுவே உருவாச்சு. அந்த அம்மா 1944 டிசம்பர்ல ஜெர்மனியில இருந்த ராவென்ஸ்ப்ரூக் நாஜி முகாம்ல இறந்துட்டாங்க. ரகசிய அறையை மட்டும் பார்த்துட்டு கூப்பனை மறந்துடாதீங்க.

கேள்வி: ஆம்ஸ்டர்டாம்ல ஒளிஞ்சிருந்து டைரி எழுதின சிறுமி ஆன் ஃபிராங்கை யார் காட்டிக்கொடுத்தாங்க?

பதில்: உறுதியான ஆதாரத்தோட யாரும் நிரூபிக்கல.

கேள்வி: மாட்டினா மரண தண்டனையா சார்?

பதில்: போலந்துல ஆமா. இங்க பெரும்பாலும் ஜெயில் இல்ல முகாம், ஆனா அதுவே உயிரை எடுத்துடும். ஹார்லெம்ல கடிகாரக்கடை வச்சிருந்த காஸ்பர் டென் போம், 84 வயசு. 1944 பிப்ரவரி 28 ரெய்டுல பிடிச்சாங்க, பத்து நாள்ல போயிட்டார். மக பெட்ஸி அந்த டிசம்பர்ல ராவென்ஸ்ப்ரூக்ல செத்துப்போனாங்க. அவங்க வீட்டுச் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த ஆறு பேரையும் அந்த ரெய்டுல கண்டுபிடிக்க முடியல.

கேள்வி: அப்போ டச்சுக்காரங்க எல்லாருமே உதவினாங்கன்னு சொல்லலாமா?

பதில்: தயவுசெஞ்சு சொல்லாதீங்க. சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தாங்க, ஒரு லட்சத்துக்கும் மேல கொல்லப்பட்டாங்க. 1943ல தலைக்கு ஏழரை கில்டர் (டச்சு காசு) வாங்கிட்டு ஆள் பிடிச்ச டச்சு கும்பலும் இருந்துச்சு. கதவைத் திறந்தவங்க சின்ன கூட்டம்.

கேள்வி: ஆன் ஃபிராங்க் வீட்டைக் காட்டிக்கொடுத்தது ஒரு பக்கத்து வீட்டுக்காரராமே?

பதில்: மேல சொல்லிட்டேன்.

கேள்வி: குழந்தைங்களை எப்படி வெளிய கொண்டு வந்தாங்க?

பதில்: ஆம்ஸ்டர்டாம்ல ஒரு நாடக அரங்கத்துல யூதர்களை அடைச்சு வச்சாங்க, எதிர்ல குழந்தைங்க காப்பகம். நிர்வாகி ஹென்ரியெட்டா பிமென்டல், அரங்கத்துல வேலை பார்த்த வால்டர் ஸூஸ்கின்ட், ரெண்டு பேரும் யூதர்கள். பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில இருந்த யோஹான் ஃபான் ஹுல்ஸ்டும் இவங்களோட சேர்ந்துக்கிட்டார். பதிவேட்டுல பேரை எடுத்துட்டு, டிராம் வந்து நின்னு காவல்காரன் கண்ணை மறைக்கற நேரத்துல குழந்தையோட கிளம்பிடுவாங்க. சுமார் 600 குழந்தைங்க பிழைச்சாங்க. பிமென்டலை ஆஷ்விட்ஸ் கொலை முகாம்ல கொன்னுட்டாங்க.

கேள்வி: போர் முடிஞ்சதும் அந்தக் குழந்தைங்களை வளர்த்தவங்ககிட்டயே விட்டிருக்கணும், அதானே நியாயம்?

பதில்: எனக்கு அப்படித் தோணல. பெத்தவங்க திரும்பி வராத குழந்தைங்க எங்க வளரணும்னு முடிவு பண்ண 1945ல அரசு ஒரு ஆணையம் போட்டுச்சு, தலைவர் ஹெசினா ஃபான் டெர் மோலன், அவங்களே குழந்தைங்களைக் காப்பாத்தின போராளிதான். ஆனா குழந்தை வளர்ற வீட்டைக் கலைக்கக் கூடாதுன்னு நின்னாங்க. மிச்சமிருந்த யூதர்களோ, எங்க ஜனத்துல மிஞ்சினது இந்தப் பிள்ளைங்கதான், இவங்களையும் விட்டுட்டா எங்களுக்கு என்ன இருக்குன்னு கேட்டாங்க.

அதே நபர்: மூணு வருஷம் அம்மான்னு கூப்பிட்டவங்களை விட்டுப் பிரிக்கறது கொடுமை இல்லையா?

பதில்: கொடுமைதான், அந்த அம்மாவோட அழுகையை நான் சின்னதா நினைக்கல. ஆனா பெத்தவ அந்தக் குழந்தையை காப்பாத்தத்தான் குடுத்தா, மதம் மாத்தி வளர்க்க குடுக்கல. சில குழந்தைங்களை அத்தை மாமா தேடி வந்தும் ஞானஸ்நானம் குடுத்து மறைச்சு வச்சாங்க. உயிரைக் காப்பாத்தினதுக்கு நன்றி கடைசி வரைக்கும் உண்டு, அதுக்காக குழந்தை சொந்தமாயிடாது.

இன்னொருத்தர்: சொந்தக்காரங்களைப் பார்த்தே இராத குழந்தைக்கு எது வீடு?

பதில்: அதனாலதான் ஒவ்வொரு குழந்தையையும் தனியா பார்க்கணும். ஆனா ஆணையத்துல யூதர்கள் சிறுபான்மையா இருந்தாங்க, அந்தக் குறையை என்னால விட்டுக்குடுக்க முடியாது.

கேள்வி: ஆன் ஃபிராங்க்...

பதில்: மூணாவது தடவை. வேற கேளுங்க.

கேள்வி: ஒளிச்சு வைக்க காசு வாங்கினாங்களாமே?

பதில்: நிறைய பேர் வாங்கினாங்க, ஏழைக் குடும்பம் வேற எப்படி சமாளிக்கும். அநியாயமா கறந்தவங்களும் உண்டு. பெரிய அளவுல பணம் திரட்டிக் குடுத்தது வால்ரவன் ஃபான் ஹால்னு ஒரு பேங்க்காரர், 1945 பிப்ரவரியில சுட்டுட்டாங்க.