கீலாவியா: முதலில் காற்றைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு ஹவாய் போகிறோம். கீலாவியா எரிமலை பொங்குவதைப் பார்க்க எந்த நாளில் போவது, எங்கே நிற்பது? அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எந்த நாள் என்று முன்கூட்டியே குறிக்க முடியாது. கீலாவியா உச்சியிலுள்ள ஹலேமாவுமாவு பள்ளத்தில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு விட்டுவிட்டு வருவது. லாவா ஊற்று சில மணி நேரம் பீறிடும், பலமுறை 300 மீட்டரையும் தாண்டியிருக்கிறது. பிறகு நாட்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். ஹவாய் எரிமலை ஆய்வகத்தின் தினசரி அறிக்கையில் பள்ளத்தின் விளிம்பிலுள்ள ஊவேகஹுனா என்ற இடத்தில் தரையின் சாய்வை அளக்கும் சாய்வுமானியின் வரைபடக் கோடு எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அடியில் மாக்மா சேரச் சேர மலையுச்சி உப்பும், கோடு ஏறும். எரிமலை வாய்க்குள் லாவா ததும்பி வழிய ஆரம்பித்தால் நேரம் நெருங்குகிறது. கோடு சரேலென இறங்கினால் ஊற்று தொடங்கிவிட்டது, உடனே கிளம்புங்கள்.

எங்கே நிற்பது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். வழக்கமான வடகிழக்குக் காற்று புகையைத் தென்மேற்கே தள்ளிவிடும். அப்போது வடக்கு, கிழக்கு விளிம்புகளில் நிற்கலாம். தெற்கிலிருந்து காற்று திரும்பினால் கந்தக டை ஆக்சைடு அந்த வடக்கு விளிம்புக்கே வரும். முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. எரிமலை இருக்கும் ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வோர் இடத்தின் காற்றுத் தரத்தையும் நிறத்தில் காட்டுவார்கள். அது மோசமாக இருந்தால் அம்மாவை அழைத்துப் போகவே வேண்டாம். மற்ற நாட்களில் அவருக்கு ஊவேகஹுனா ஏற்றது, வண்டியிலிருந்து சில நிமிட நடைதான். இன்ஹேலர் அவர் கையிலேயே இருக்கட்டும். மூச்சு இறுகினால் காரில் ஏறி, கண்ணாடியை மூடி, வெளிக்காற்று நுழையாதபடி ஏசியை வைத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மிக அருகில் தெரிவது கேயானகாகோய் முனை. டெவஸ்டேஷன் வண்டி நிறுத்தத்திலிருந்து பழைய தார்ச்சாலையில் ஒரு வழிக்குச் சுமார் 1.6 கி.மீ. ஊற்று தொடங்கியதும் நிறுத்தம் நிரம்பிவிடும். காலை எட்டுக்கு முன், அல்லது இரவு ஒன்பதுக்குப் பின் போங்கள். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கம் வாங்கமாட்டார்கள். உயரம் 1,200 மீட்டர், இரவில் நன்றாகக் குளிரும்.

ஊற்று நாட்களில் ‘பெலேயின் கூந்தல்’ பறந்து வரும் (பெலே ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வம்). உருகிய லாவா காற்றில் இழுபட்டு உறைந்த கண்ணாடி இழை அது: பொன்னிறம், தலைமுடியைவிட மெல்லியது, தொட்டால் ஒடிந்து தோலில் ஏறிக்கொள்ளும். கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவ வேண்டும். காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்தால் வைப்பரைப் போடாதீர்கள், கீறல் விழும். அங்கேயும் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

வேலியைத் தாண்டக் கூடாது. 2018இல் மலையுச்சி சரிந்தபோது விளிம்பெங்கும் விரிசல் விட்டிருக்கிறது, மேலிருந்து பார்த்தால் கெட்டித் தரை போலவே தெரியும். குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்திருங்கள்.