மனசுக்குள் ஆயிரம் படகு, மெமரிக்குள் ஐம்பது

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் முப்பரிமாணமாகச் செய்கிறேன். மனசில் ஆயிரம் படகு நிற்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள என் கம்ப்யூட்டரோ ஐம்பதாவது படகிலேயே உறைந்துவிடுகிறது. கற்பனைக்கு இல்லாத எல்லை மெஷினுக்கு மட்டும் ஏன்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் மனசு ஆயிரம் படகையும் பலகை பலகையாகச் சுமப்பதில்லை, பார்க்கிற படகுக்கு மட்டும் விவரம் சேர்க்கிறது. கம்ப்யூட்டர் எல்லாப் புள்ளிகளையும் எண்ணாக வைத்தாக வேண்டும். படகின் மேல் நிறத்துக்காகப் போர்த்தும் படத்தையே எடுங்கள்: 4096 x 4096 புள்ளி அளவுள்ள ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், மெமரியில் 64 எம்பி பிடிக்கும். ஜேபெக் கோப்பு சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், திறந்ததும் விரியும். படகுக்கு ஒரு படம் என்றால் ஐம்பதுக்கே 3,200 எம்பி! விண்டோஸும் படகு வடிவங்களும் எடுப்பது தனி. ரேம் நிரம்பியதும் மிச்சம் டிஸ்க்குக்குப் போகும். அது பலமடங்கு மெதுவானது, அதனால்தான் உறைகிறது.

ஷிஃப்ட்+டி போட்டு நகலெடுத்தால் ஒவ்வொரு படகுக்கும் வடிவம் தனியாகச் சேமிக்கப்படும். ஆல்ட்+டி போடுங்கள், எல்லாம் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்ளும். நாலைந்து படகுகளை மட்டும் நன்றாகச் செய்து, திருப்பியும் அளவு மாற்றியும் நிறுத்தினாலே துறைமுகம் நிறைந்துவிடும். தூரத்துப் படகுக்கு 1024 x 1024 படம் தாராளம், 4 எம்பிதான். இதைச் செய்யாமல் ரேம் வாங்க ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம். பிறகும் போதாவிட்டால், உங்கள் மதர்போர்டு ஏற்கும் ரேம் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது பொருந்தாது.