மனம் ஓடுவது தெரிகிறதே, அதுதான் பலன்

கேள்வி: ஆறு மாதமாகத் தினமும் காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்கிறேன். மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. கோபமும் குறையவில்லை. மகனிடம் கத்திவிட்டுப் பிறகு வருந்துகிறேன். 'தியானம் செய்தால் விழிப்போடு வாழலாம்' என்பது வெறும் பேச்சுதானா? நேரத்தை ஒரு மணியாகக் கூட்டினால் பலன் கிடைக்குமா?

பதில்: வெறும் பேச்சு இல்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்த்து உட்காருவது அமைதியை. அது வரவில்லை என்ற ஏமாற்றத்தில், விழிப்பு வந்துகொண்டிருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

மனம் நிற்பதில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? உட்கார்ந்து பார்த்ததால்தானே? மற்ற நேரத்திலும் அது இப்படித்தான் ஓடுகிறது, யாரும் பார்ப்பதில்லை. ஹார்வர்டு உளவியலாளர்கள் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் ஏதோ ஒரு வேளையில், 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 2010இல் வெளியான முடிவு: ஏறத்தாழ 47 சதவீத வேளைகளில் மனம் கையிலிருக்கும் வேலையில் இல்லை. சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது மதயானையை வசப்படுத்துவதைவிட அரிது என்று பாடினார் தாயுமானவர். அவரே அரிது என்றதை ஆறு மாதத்தில் கேட்கிறீர்கள்.

உட்கார்ந்திருக்கும்போது நடப்பது இதுதான்: மூச்சைக் கவனிக்கிறோம், மனம் நழுவுகிறது, நழுவியது சட்டென்று தெரிகிறது, திரும்பி வருகிறோம். எமரி பல்கலைக்கழகத்தில் தியானப் பழக்கம் உள்ளவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனம் நழுவியது தெரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நழுவியிருக்கும்போது இயங்குகிற மூளைப் பகுதிகள் வேறு, நழுவியதை அறியும் கணத்தில் இயங்குபவை வேறு என்று 2012இல் எழுதினார்கள். அந்த அறியும் கணத்தைத்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் தோல்விக் கணக்கில் எழுதிவைக்கிறீர்கள். இருபது நிமிடத்தில் நூறு முறை நழுவி நூறு முறை திரும்பினால், நூறு முறை பழகியிருக்கிறீர்கள்.

இனி உங்கள் கோபம். ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் யோசியுங்கள். கத்தியது உங்களுக்கு எப்போது உறைக்கிறது? மறுநாளா, ஒரு மணி நேரம் கழித்தா, கத்திக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்திலா? ஆறு மாதத்துக்கு முன் எப்போது உறைத்தது? இந்த இடைவெளி சுருங்கியிருந்தால் தியானம் வேலை செய்கிறது. கோபம் அறிவிப்பில்லாமல் வருவதில்லை. தாடை இறுகும், மூச்சு மேலேறும், காது சூடாகும், குரல் ஒரு படி உயரும். காலையில் மூச்சின் நுண்ணிய அசைவைப் பார்க்கப் பழகியவருக்கு இவையும் கண்ணில் படத் தொடங்கும். முதலில் கத்தி முடித்த பிறகு, பிறகு நடுவில், ஒருநாள் வாய் திறக்கும் முன்பே.

தானாகவே அங்கே வந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். பாலி மொழியிலுள்ள 'சதிபட்டான சுத்தம்' என்ற புத்தரின் உரை, விழிப்போடு செய்யவேண்டியவற்றின் பட்டியலில் நடப்பது, கை நீட்டுவது, உண்பது, மலஜலம் கழிப்பது, பேசுவது, பேசாதிருப்பது வரை சேர்க்கிறது. மனத்தில் வெறுப்பு இருந்தால் 'வெறுப்பு இருக்கிறது' என்று அறியவேண்டும் என்கிறது. காலை இருபது நிமிடத்தோடு கடமை முடிந்தது என்று எழுந்து, மீதி நாளைப் பழைய வேகத்துக்கே விட்டுவிட்டால் மகனுக்கு ஒரு பயனும் இல்லை.

எனவே ஒரு மணி நேரம் வேண்டாம், இருபதே போதும். கூட்ட நினைத்த நேரத்தை நாளுக்குள் பிரித்துப் போடுங்கள். அவனிடம் பேசத் தொடங்கும் முன் ஒரு மூச்சு. பேச்சு ஏறும்போது தாடையில் கவனம். பாதியில் உறைத்தால் அந்தப் பாதியிலேயே நிறுத்துங்கள், வாக்கியத்தை முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தியானம் எல்லாவற்றுக்கும் மருந்து என்பவர்களை நம்பவேண்டாம். 2014இல் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த மருத்துவ அலசலில் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கண்ணை மூடியதும் பழைய காயங்கள் பொங்கி வந்து தூக்கம் கெடுகிறது என்றாலோ, கோபம் கைநீட்டும் அளவுக்குப் போகிறது என்றாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாமல்.

மகனின் வயதை நீங்கள் எழுதவில்லை. விவரம் தெரிந்த பிள்ளையானால், இப்படி ஒன்றைப் பழகுகிறீர்கள் என்று அவனிடமே சொல்லிவிடுங்கள். நீங்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தும்போது, அது தன்னைத் தண்டிக்கும் மௌனம் என்று அவன் நினைத்துவிடக் கூடாது.