ஜெர்மனி மாணவர் விசா: கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படித்தேன், இப்போது அங்கேயே வேலை. வருடா வருடம் தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் விசாவைப் பற்றி ஒரே மாதிரிக் கேள்விகளோடு வருகிறார்கள், பாதிப் பேர் கன்சல்டன்சியில் பணத்தைக் கட்டிவிட்ட பிறகு. அதனால் இந்த முறை கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஈரோடு, இ.சி.இ. கடைசி வருடம்: அக்கா, ஏழாவது செமஸ்டர் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த அக்டோபரில் அங்கே சேர வேண்டும். எதில் ஆரம்பிப்பது?

பாஸ்போர்ட்டில் ஆரம்பி தம்பி. அது கையில் இருந்தால் அடுத்தது ஏ.பி.எஸ். சான்றிதழ். நம் மதிப்பெண் பட்டியல்களும் பட்டமும் உண்மையானவைதானா என்று டெல்லியில் இருக்கும் ஏ.பி.எஸ். அலுவலகம் சரிபார்த்துக் கொடுப்பது அது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். படிப்பு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இதுவரை வந்த மதிப்பெண் பட்டியல்களை வைத்தே விண்ணப்பிக்கலாம். அட்மிஷன் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் செப்டம்பரில் அழுதுகொண்டு போன் செய்கிறார்கள். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பேர்போன பல படிப்புகளுக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ கதவை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் போய் நீயே தேதியைப் பார்.

மதுரை: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால். பிரச்சினை வருமா?

வரும், ஆனால் தீர்க்கக்கூடியதுதான். எனக்கும் இதே கதை. பத்தாம் வகுப்புப் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் 'பி', டிகிரியில் பெயருக்குப் பின்னால் 'பி', பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் கட்டத்தில். அங்கே வந்த முதல் அரசுக் கடிதம் 'திருமதி பெருமாள்' என்று ஆரம்பித்தது. அப்பாவை ஏன் திருமதி என்கிறார்கள் என்று அம்மா கேட்டார். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது அவர்களுக்குப் புரியாது, அவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் பெயர்.

அதனால் இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டை மறுபடி எடுப்பதாக இருந்தால் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். தேர்வு, ஏ.பி.எஸ்., அட்மிஷன் கடிதம், வங்கிக் கணக்கு, விமான டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தைப் பின்பற்றித்தான் வரும், நடுவில் மாற்றினால் எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும். பழைய சான்றிதழ்களில் இருக்கும் இனிஷியல் வித்தியாசத்துக்கு, இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட், ஆங்கிலத்தில், இரண்டு பிரதி எடுத்து ஃபைலில் வையுங்கள்.

நாமக்கல், ஒரு அப்பா: மேடம், எங்களிடம் நிலம் இருக்கிறது, வங்கியில் எஃப்.டி.யும் இருக்கிறது. அதைக் காட்டினால் போதாதா? பணத்தை 'பிளாக்' செய்தே ஆக வேண்டுமா?

நிலப் பத்திரமும் எஃப்.டி. ரசீதும் ஜெர்மனிக்குப் போதாது சார். உங்கள் பிள்ளை அங்கே ஒரு வருடம் சாப்பிட, தங்கப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் வழி பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா மாதிரி நிறுவனங்களில் கணக்கை இங்கிருந்தே திறக்கலாம். பணம் எங்கும் போய்விடாது, பிள்ளை அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அவன் கணக்குக்கே வரும். இது விசாக் கட்டணமோ கல்லூரிக் கட்டணமோ இல்லை, உங்கள் பிள்ளையின் சோற்றுக் காசு.

செலவுக்குப் போதுமான ஸ்காலர்ஷிப் இருந்தால் இது தேவைப்படாது. ஜெர்மனியில் வசிக்கும் சொந்தக்காரர் யாராவது, இவன் செலவுக்கு நான் பொறுப்பு என்று அங்குள்ள அலுவலகத்தில் சட்டப்படி எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் சித்தப்பா மகன் வாய்வார்த்தையாகச் சொல்வது கணக்கில் வராது.

சொந்தப் பணத்தை அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் பகுதிக்கு வங்கி டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிக்கும், வருமான வரிக் கணக்கு காட்டும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். வங்கிக் கல்விக் கடனில் அனுப்பினால் அந்தப் பிடித்தம் இல்லை.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கேளுங்கள். பிளாக் பண்ணப் பணம் நாங்கள் தருகிறோம், மாதா மாதம் வருவதை வட்டியோடு எங்களுக்கு அனுப்பினால் போதும் என்று சில ஏஜென்ட்கள் சொல்வார்கள். அந்த 992 யூரோவைத் திருப்பி அனுப்பிவிட்டால் உங்கள் மகன் வாடகைக்கு எங்கே போவான்? இப்படி வந்த ஒரு பையன் எங்கள் மாணவர் விடுதியில் இருந்தான். முதல் குளிர்காலம் முழுக்க ரொட்டியும் முட்டையும்தான், வகுப்புக்கு வராமல் கிடங்கு வேலைக்குப் போனான், இரண்டாவது செமஸ்டரில் படிப்பே கைவிட்டுப் போனது. பணம் பற்றவில்லை என்றால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு அனுப்புங்கள், தப்பே இல்லை.

திருச்சி: 6.4 சி.ஜி.பி.ஏ., எட்டு அரியர் வைத்து எல்லாம் கிளியர் செய்துவிட்டேன். விசா கிடைக்குமா?

அரியர் உன் விசாவைவிட உன் அட்மிஷனைத்தான் முதலில் தொடும். நம் மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றுவார்கள், 1 மிக நல்லது, 4 வெறும் பாஸ். கணக்கு இதுதான்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உன் மதிப்பெண்ணைக் கழி, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு, 3 ஆல் பெருக்கி 1 சேர். பத்துக்கு 5 பாஸ் என்றால் உனக்கு 3.16 வருகிறது. 7.5 வாங்கியவனுக்கு 2.5. பல பல்கலைக்கழகங்கள் அந்த 2.5ஐத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. உன் பல்கலைக்கழகத்தில் பாஸ் மதிப்பெண் 4 என்றால் அதே 6.4க்கு 2.8 ஆகிவிடும், அதனால் அந்த எண்ணை மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தேடிப் பார். செய்முறைக் கல்வி தரும் ஹோக்ஷூலேக்களில் கொஞ்சம் தளர்வாக இருப்பார்கள், அங்கே முயற்சி செய். விசா நேரத்தில் அரியர் பற்றிக் கேட்டால் மறைக்காதே. எந்தப் பாடம், ஏன் போனது, எப்போது எழுதி முடித்தாய் என்று நேராகச் சொல்.

கோவை: கன்சல்டன்சியிலேயே மோட்டிவேஷன் லெட்டர் எழுதித் தருகிறார்கள். அப்படியே கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இதில் நான் சூடு பட்டவள். நான் போன கன்சல்டன்சி எனக்கு எழுதிக் கொடுத்த கடிதம் 'சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்கு ஆர்வம்' என்று தொடங்கியது. அதே ஊரிலிருந்து விண்ணப்பித்த என் தோழிக்கும் அதே வரி, அதே பத்தி, பெயர் மட்டும் வேறு. இரண்டு பேர் காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிற்றைப் புரட்டியது. அன்று ராத்திரியே கிழித்துப் போட்டுவிட்டு நானே உட்கார்ந்து எழுதினேன். கல்லூரி புராஜெக்டில் நாங்கள் செய்த பம்ப்பின் இம்பெல்லர் மூன்று முறை விரிசல் விட்டது, ஏன் விட்டது என்று எங்கள் யாருக்கும் கணக்குப் போடத் தெரியவில்லை, அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இந்தப் படிப்பின் இரண்டாவது செமஸ்டரில் இருக்கிறது, அதற்காக வருகிறேன் என்று. ஆங்கிலம் சுமார்தான், ஆனால் விசா கவுன்ட்டரில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள், என்னால் பதில் சொல்ல முடிந்தது.

அங்கே பார்ப்பது இதைத்தான்: இந்தப் படிப்பு ஏன், இந்த ஊர் ஏன், முன்பு படித்ததோடு என்ன தொடர்பு, யார் பணம் கட்டுகிறார்கள், நடுவில் இருந்த இரண்டு வருடம் என்ன செய்தாய். நீ எழுதாத கடிதத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பாஸ்வேர்டையும் ஏஜென்டிடம் கொடுக்காதே. பல்கலைக்கழகத்துக்கு, பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்டுக்கு, ஏ.பி.எஸ்.ஸுக்கு எல்லாம் உன் சொந்த மின்னஞ்சலைக் கொடு. யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து 30 யூரோ. இதை நீயே கட்டலாம், கமிஷனுக்கு வேலையே இல்லை.

சேலம், ஒரு அம்மா: மகன் பிளஸ் டூ, மாநிலப் பாடத்திட்டம், 560 மதிப்பெண். நேராக அங்கே பி.இ. மாதிரி சேர்க்க முடியுமா?

பிளஸ் டூ மட்டும் வைத்து நேராக முடியாதுங்க. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருந்தால் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு வழி உண்டு. இல்லையென்றால் இங்கே அங்கீகாரமுள்ள கல்லூரியில் குறைந்தது ஒரு வருடம் அதே துறையில் படித்துத் தேறியிருக்க வேண்டும், அல்லது அங்கே ஷ்டூடியன்கோலெக் என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு, அதற்கு ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிய வேண்டும். பதினேழு வயதுப் பையன் என்றால் இங்கே ஒரு டிகிரி முடித்து, கூடவே ஜெர்மன் படித்து, மாஸ்டர்ஸுக்கு அனுப்புவதுதான் நல்லது என்பேன்.

யாழ்ப்பாணம்: அக்கா, எங்களுக்கும் ஏ.பி.எஸ். வேணுமோ?

இல்லைத் தம்பி, இலங்கைக்கு அது கிடையாது. நீங்கள் கொழும்பில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் தொகை உங்களுக்கும் அதேதான்.

சென்னை: விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது. 'ரெமான்ஸ்ட்ரேஷன்' போடலாம் என்கிறார்கள்.

அது பழைய கதை. மறுபரிசீலனைக்கு இலவசமாகக் கடிதம் எழுதும் அந்த வழியை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டே வழி: புதிதாக 75 யூரோ கட்டி மறுபடி விண்ணப்பிப்பது, அல்லது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. வழக்கு நீளும், செமஸ்டர் போய்விடும். முதலில் மறுப்புக் கடிதத்தை வரி வரியாகப் படி. படிப்பின் நோக்கத்தில் சந்தேகம் என்று இருந்தால், அதே ஃபைலை மறுபடி கொடுத்துப் பயனில்லை. கடிதத்தை மாற்று, இடைவெளிக்கு ஆதாரம் சேர், அதற்கப்புறம் போ.

விண்ணப்பமும் இப்போது இணையத்தில்தான், 2025 ஜனவரி முதல் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் கான்சுலர் போர்ட்டலில் எல்லாவற்றையும் ஏற்றவேண்டும். அவர்கள் பார்த்து, குறை இருந்தால் சொல்வார்கள், எல்லாம் சரி என்றபிறகு நேரில் போக அப்பாயின்ட்மென்ட். குறை என்று வந்தால் அன்றே சரிசெய்து ஏற்று.

தூத்துக்குடி: பார்ட் டைம் வேலை பார்த்தே செலவைச் சமாளிக்கலாமா?

கைச்செலவுக்கு ஆகும். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், குறைந்தபட்சக் கூலி 2026இல் மணிக்கு 13.90 யூரோ. ஆனால் முதல் செமஸ்டரில் ஜெர்மன் தெரியாமல் வேலை கிடைப்பது கஷ்டம், அதை நம்பி விமானம் ஏறாதே. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்னும் அதிகமாக வாங்குகிறது. பட்டியல் போடும்போதே அதையும் பார்.

நாகர்கோவில்: விசா வந்துவிட்டது அக்கா! ஆனால் ஆறு மாதத்துக்குத்தான் இருக்கிறது, படிப்போ இரண்டு வருடம்.

வாழ்த்துகள்மா! பயப்படாதே, அது நுழைவதற்கான விசா, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குத்தான் போடுவார்கள். அங்கே போய், வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் தேவை. அது தரமாட்டேன் என்பவர் வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதே. முகவரி பதிந்த பிறகு வங்கிக் கணக்கு, பிறகுதான் பிளாக் செய்த பணம் வரத் தொடங்கும், அதனால் முதல் மாதத்துக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள். தங்கும் அனுமதி அட்டைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் உடனே அப்பாயின்ட்மென்ட் கேட்டுவிடு, பெரிய ஊர்களில் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். 30 வயதுக்குள் என்பதால் மாணவர் அரசுக் காப்பீட்டில் சேரலாம், இறங்கும் நாளிலிருந்து சேர்க்கை நாள்வரைக்கு மட்டும் பயணக் காப்பீடு எடு.

ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் கையில் எடுத்துப்போகும் பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போடாதே. என்னோடு வந்த பெண்ணின் பெட்டி துபாயில் நின்றுவிட்டது, அவள் சேர்க்கைக்குப் போன நாளில் கையில் ஊறுகாய் டப்பா மட்டும்தான் இருந்தது.