மிளகு வாங்கியா ரோம் அழிந்தது?

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் ஆற்றங்கரை, வைகை கடலில் சேரும் இடம். பக்கத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவன். “நம்ம முத்தையும் மிளகையும் வாங்கி வாங்கியே ரோம்காரன் போண்டியாகிப் போனான்” என்பார் பெரியப்பா. உண்மையா? எங்கள் வீட்டில் தேய்ந்த செப்புக்காசு ஒன்று இருக்கிறது. அது ரோமானியக் காசுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்.

அன்புள்ள தம்பி,

பெரியப்பா பேச்சுக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கி.பி. 77 வாக்கில் பிளினி என்ற ரோமானியர், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பி எழுதிவைத்தார். முதன்முதலில் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பேரரசு பின்னாளில் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. ரோம் நகர் இருந்த மேற்குப் பாதி முடிந்தது 476இல். நடுவில் 400 ஆண்டு கிடக்கிறது.

தவிர, அந்த வாணிபத்தில் அரசு நன்றாகவே சம்பாதித்தது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து சரக்கேற்றிப்போன ஹெர்மாபோலோன் என்ற கப்பலின் கணக்கு ஒரு பாப்பிரஸ் ஏட்டில் இருக்கிறது. அந்த ஒரு கப்பல் சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். இப்படி வந்த சரக்கில் நாலில் ஒரு பங்கை அரசு வரியாக எடுத்துக்கொண்டது. நம் சரக்கு போய் இறங்கிய எகிப்து, பேரரசின் கிழக்குப் பாதியில் இருந்தது. மிளகுதான் காரணம் என்றால் கிழக்கு அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? அது 1453 வரை நின்றது.

சரி, மேற்கு ஏன் விழுந்தது? படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் போனதால் என்பதே என் பதில். படகு முதலாளியான சம்மாட்டி முன்பணம் கொடுக்க முடியாமல் போனால் ஆட்கள் அடுத்த வள்ளத்துக்குப் போய்விடுவார்கள், வலை கரையில் கிடக்கும். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நோய் பழையது. 235க்கும் 284க்கும் இடையில் வந்த பேரரசர்களில் பெரும்பாலோர் கொலையுண்டார்கள், பலர் சொந்தப் படையின் கையாலேயே. அந்தப் படைக்குக் கொடுக்க வேண்டி வெள்ளிக்காசில் செம்பைக் கலந்துகொண்டே போனார்கள். 270 வாக்கில் அதில் வெள்ளி நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை. அதிலிருந்து ஒருவாறு மீண்டார்கள். அப்புறம் 378இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடம் பெரிய தோல்வி, 406இல் எல்லையான ரைன் நதியைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள். 408இல் ரோம் நகரை வளைத்த கோத்துத் தலைவன் அலாரிக் கேட்ட பணயத்தில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ஏறக்குறைய ஒரு டன்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருக்கலாம். தாங்க முடியாத அடி 439இல் விழுந்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரை வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார் பிடித்தார்கள். ரோமுக்குத் தானியமும் வரியும் அனுப்பிய வளமான பகுதி அது. அதை மீட்கக் கிழக்கும் மேற்கும் சேர்ந்து 468இல் பெரும் கடற்படையை அனுப்பின. வாண்டல்கள் தீ வைத்த கலங்களைக் காற்றோடு விட்டு அதை எரித்தார்கள். அதற்குப் பிறகு மேற்கின் கையில் காசு இல்லை.

அதன் விளைவை ஒரு துறவியின் வாழ்க்கைக் குறிப்பில் படித்தேன், இன்னும் மறக்க முடியவில்லை. இன்று ஜெர்மனியில் பாஸ்ஸாவ் என்னும் ஊரில் எல்லைக்காவல் படை ஒன்று இருந்தது. சுற்றியிருந்த படைகளெல்லாம் சம்பளம் நின்று கலைந்துவிட்டன, இது மட்டும் கலையவில்லை. தங்கள் கடைசிச் சம்பளத்தை வாங்கிவரச் சிலரை இத்தாலிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே அவர்களைக் கொன்றுவிட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஆற்றுநீர் அவர்கள் உடல்களைக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கியது.

476இல் இத்தாலியில் இருந்த படையே தனக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டது. மறுத்ததும் ஓடோவாக்கர் என்ற படைத்தலைவன், அரியணையில் இருந்த சிறுவன் ரோமுலஸை இறக்கிவிட்டான். வேறு யாரையும் ஏற்றவில்லை.

இனி உங்கள் காசு. அழகன்குளத்தில் கிடைத்தவற்றில் தியோடோசியஸ், அவர் மகன் அர்காடியஸ் காலத்துக் காசுகள் உண்டு. இரண்டு பாதியையும் சேர்த்து ஆண்ட கடைசிப் பேரரசர் தியோடோசியஸ். 395இல் அவர் இறந்ததும் கிழக்கு அர்காடியஸுக்கு வந்தது. அந்தக் காலத்துச் செப்புக்காசு பல, கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியவை. உங்களுடையது அதுதானா என்று நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறையினர் இருக்கிறார்கள், அங்கே எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதுவரை பெரியம்மா யாரும் புளி போட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும்.

அன்புடன்,
அக்கா